மலையேறி வந்த கிறிஸ்துமஸ் கேக்





வடகிழக்குப் பருவமழை பழனி மலைகளை நனைக்கத் தொடங்கிவிட்டது. பிற்பகலில் இறங்கும் மூடுபனி மறுநாள் காலைவரை விலகுவதில்லை. இந்நாட்களில் நம் மலைச் சபைகளின் வீடுகளுக்குச் சென்றால், அடுக்களை அலமாரியின் ஒரு மூலையில் மூடிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் காணலாம். உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் ஆரஞ்சுத் தோலும் முந்திரியும் அதில் ஊறிக்கொண்டிருக்கும். ஆராதனை முடிந்து வெளியே வரும் தாய்மார்கள் ஒருவரையொருவர், "பழம் ஊறப்போட்டாயிற்றா?" என்று விசாரிப்பதும் வழக்கம்.

எதில் ஊறப்போடுவது? சில வாரங்களாக உங்களில் சிலர் என்னிடம் தனித்தனியே கேட்ட கேள்வி இது. "ஐயா, கேக்குக்கு ரம் ஊற்றுவது பாவமா?" என்று ஒருவர் கேட்டார். "எங்கள் பாட்டி காலத்திலிருந்து பிராந்தியில்தான் ஊறவைக்கிறோம், அதை ஏன் விடவேண்டும்?" என்றார் மற்றொருவர். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறாமல், இந்தக் கேக் நம் மலைக்கு வந்த வரலாற்றை முதலில் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். நாம் தேடும் விடையும் அந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

திராட்சை அடையும் தாவீதும்

உலர்ந்த பழங்களை அழுத்தி அடையாகச் செய்யும் வழக்கம் வேதாகம நாட்டில் மிகப் பழையது. தாவீதின் கோபத்தைத் தணிக்கப் புறப்பட்ட அபிகாயில், வற்றலான திராட்சைக் குலைகள் நூறும் அத்திப்பழ அடைகள் இருநூறும் கழுதைகளின்மேல் ஏற்றிச் சென்றாள். 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தில், நோயுற்றதால் எஜமானால் கைவிடப்பட்டு மூன்று நாள் பட்டினி கிடந்த எகிப்திய வேலைக்காரன் ஒருவனைக் காண்கிறோம். தாவீதின் மனிதர்கள் அவனுக்கு அத்திப்பழ அடையின் ஒரு துண்டையும் இரண்டு வற்றலான திராட்சைக் குலைகளையும் கொடுத்தபோது அவனுக்கு உயிர் திரும்பியது.

உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்த நாளில், தாவீது ஜனங்கள் அனைவருக்கும், ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், அப்பமும் இன்னொரு பண்டமும் பங்கிட்டான். 2 சாமுவேல் 6:19-ல் அந்தப் பண்டத்தை நம் பழைய மொழிபெயர்ப்பில் திராட்சரசம் என்று வாசிக்கிறோம். ஆங்கிலத்தில் ஜேம்ஸ் அரசரின் மொழிபெயர்ப்பும் அவ்வாறே கூறுகிறது. ஆனால் எபிரெய மூலத்தில் உள்ள சொல் 'அஷிஷா'. உலர்ந்த திராட்சையை அழுத்திச் செய்த அடை என்பதே அதன் பொருள் என்று பிற்கால அறிஞர்கள் கண்டார்கள். புதிய மொழிபெயர்ப்புகள் அப்படியே திருத்தியும் இருக்கின்றன. பழ அடையா, திராட்சரசமா என்ற கேள்வி நம் அடுக்களையில் எழுவதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளர்களின் மேசையில் எழுந்துவிட்டது!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓசியா 3-ஆம் அதிகாரத்தில், அந்நிய தேவர்களை நோக்கித் திரும்பிய ஜனங்கள் விரும்பிய பண்டமாகவும் இதே திராட்சை அடை குறிப்பிடப்படுகிறது. தாவீதின் கையில் அது அனைவருக்குமான பங்கு. ஓசியாவின் நாளில் வழிவிலகலின் அடையாளம். பண்டம் ஒன்றுதான், யாரை முன்னிட்டு, யாருக்காக அது பகிரப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

பண்டிகையையே தடைசெய்த கிறிஸ்தவர்கள்

நாம் பிளம் கேக் என்று அழைப்பதில் பிளம் பழம் இருப்பதில்லை. பழைய ஆங்கிலப் பேச்சில் உலர்ந்த திராட்சையையே பிளம் என்றார்கள். கோடைக்கானல் தோட்டங்களில் மே, ஜூன் மாதங்களில் சிவந்து பழுக்கும் பிளம் பழத்துக்கும் இந்தக் கேக்கின் பெயருக்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தில் செழிப்பான பழக் கேக், ஜனவரி 6-ஆம் நாள் ஞானிகளின் வருகையை நினைவுகூரும் பண்டிகைக் காலத்துக்கே உரியதாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில்தான் அது படிப்படியாக டிசம்பர் 25-க்கு நகர்ந்தது. வருகையின் காலத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்து பண்டிகைக் களியின் மாவைக் கிளறும் வழக்கமும் ஆங்கிலிக்கன் வீடுகளில் இருந்தது.

ஆனால் எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படிக் கொண்டாடவில்லை. வேதத்தில் கட்டளையிடப்படாத பண்டிகை, குடிக்கும் கூத்துக்கும் வழிவிடும் நாள் என்று கூறி, தூய்மைவாதிகள் செல்வாக்குப் பெற்றிருந்த இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647-ல் கிறிஸ்துமஸ் பண்டிகையையே ஒழித்தது. கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறிய அவர்களுடைய சகோதரர்கள், மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள்: கிறிஸ்துமஸைக் கொண்டாடுவோருக்கு 5 ஷில்லிங் அபராதம். 1681-ல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இருப்பினும் அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறையானது 1856-ல்தான்.

இந்தத் தூர தேசத்துச் செய்தி நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். நம் மலையின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

1845: சன்னிசைடும் ஷெல்டனும்

1810-ல் அதே மாசச்சூசெட்ஸ் மண்ணில் உருவான அமெரிக்க மிஷனெரி சங்கம், யாழ்ப்பாணத்திலும் பின்பு 1834-ல் மதுரையிலும் ஊழியம் தொடங்கியது. சமவெளியின் காய்ச்சலும் காலராவும் அவர்களில் பலரை, சிறு பிள்ளைகளையும் சேர்த்து, கல்லறைக்கு அனுப்பின. முதலில் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையை நாடினார்கள். காய்ச்சல் அங்கும் அவர்களை விடவில்லை. லெப்டினன்ட் வார்டு 1821-ல் நில அளவை செய்திருந்த பழனி மலைகளின் உயரத்துக்கு அதன்பின் ஏறினார்கள். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் 1845-ல் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கோடைக்கானல் என்ற ஊரின் தொடக்கம் அது.

பிரியமானவர்களே, ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இரண்டு வீடுகள் எழுந்தபோது, அவற்றைக் கட்டியவர்களின் தாயகத்துச் சபைகள் பலவற்றில் கிறிஸ்துமஸ் ஒரு சாதாரண வேலைநாள். கோடைக்கானலுக்கு முதலில் சுவிசேஷத்தைச் சுமந்து வந்தவர்கள், கேக்கைச் சுமந்து வரவில்லை! அவர்கள் மலையில் தங்கியதும் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களின் வெயில் காலத்தில்தான்.

கேக்கும் பிராந்தியும் வேறொரு வழியாக வந்தன. மதுரை ஆட்சியர்களும் நீதிபதிகளும் படை அதிகாரிகளும் இங்கே வீடு கட்டினார்கள். ஆட்சியர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் நீரோடையைத் தடுத்து இன்றைய ஏரியை உருவாக்கினார். இங்கிலாந்துத் திருச்சபையின் வழக்கங்கள் அவர்களோடு மலையேறின. பண்டிகைக் கேக்கும் அவற்றில் ஒன்று.

ஆனால் "மலையேறின" என்று சொல்லும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்நாட்களில் வாகனச் சாலை இல்லை. பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில், துரைமாரையும் துரைசானிமாரையும் நாற்காலிகளிலும் டோலிகளிலும் நம் மனிதர்கள் தோளில் சுமந்தார்கள். மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் திராட்சையும் மதுப்புட்டிகளும் மனிதத் தலைகளின்மேல் ஏறி வந்தன. 1870-களில் கோடை ரோடு ரயில் நிலையம் திறக்கப்பட்ட பின்பும், முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி வாகனச் சாலை வரும்வரையும், மலைப்பாதை அவர்களுடைய கால்களையே நம்பியிருந்தது. அந்தக் கேக்கைச் சுட்டவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. சமையற்காரர் செய்தார், மேசையில் மற்றவர்கள் உண்டார்கள். நம் சபையின் சில குடும்பங்களுக்குக் கேக் செய்முறை வந்த வழி அதுதான். ஆதலால், இது வெள்ளையர் பண்டம், நமக்கு எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் முன்னோர் சுமந்ததும் சுட்டதும் இது.

தலைச்சேரியில் ஒரு துணிவு

இந்திய மண்ணில் இந்தியர் கையால் செய்யப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் எது என்று கேட்டால், கேரளத்தின் தலைச்சேரியைக் காட்டுவார்கள். பர்மாவில் தொழில் கற்ற மம்பள்ளி பாபு அங்கே ராயல் பிஸ்கட் ஃபாக்டரி என்ற அடுமனையை நடத்திவந்தார். 1883-ல், அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் மர்டாக் பிரவுன் என்ற துரை, இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் காட்டி, அதுபோல் ஒன்று செய்யச் சொன்னார். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கவும் அறிவுறுத்தினார். பாபுவோ முந்திரிப் பழத்திலும் கதலி வாழைப்பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்துச் செய்தார் என்றும், துரை சுவைத்து மகிழ்ந்து மேலும் பன்னிரண்டு கேக்குகளுக்குச் சொன்னார் என்றும் தலைச்சேரியில் இன்றும் பெருமையோடு கூறுகிறார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அந்நிய நாட்டுச் செய்முறையின் ஒவ்வொரு பொருளும் மாற்றமுடியாத கட்டளை அல்ல. கையில் உள்ளதைக் கொண்டு, உண்பவரை மனத்தில் வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

மது எதற்கு? மறுப்பு எதற்கு?

கேக்கில் மது சேர்ந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில், மதுவும் மிகுந்த சர்க்கரையும் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்காமல் பழத்தைப் பல மாதங்கள் காத்தன. ஆனால் "அடுப்பில் வைத்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும்" என்று நாம் சொல்லிக்கொள்வது சரியன்று. அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட அளவுகளின்படி, ஒரு மணி நேரம் வெந்த பின்பும் ஏறத்தாழ 25 விழுக்காடு மது தங்கிவிடுகிறது. இரண்டரை மணி நேரத்துக்குப் பின்னும் 5 விழுக்காடு இருக்கிறது. சுட்ட கேக்கின்மேல் வாரந்தோறும் கரண்டியால் ஊற்றும் ரம் அடுப்பைக் காண்பதே இல்லை.

மதுவை மறுத்தவர்களுக்கும் காரணம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சபைகளில் மதுவிலக்கு இயக்கம் வலுவாக எழுந்தது. குடியினால் சிதைந்த குடும்பங்களின் கண்ணீரே அதன் வேர். நியூஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்பவர் 1869-ல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையைத் திருவிருந்துக்காகவே கையாண்டார். நம் நாட்டிலும் இராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் தளர்த்தப்பட்டு, மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1981-ல் மறுபடி நீக்கப்பட்டது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. அதன்பின் வந்தவற்றை நான் எழுத வேண்டியதில்லை. நம் தெருக்களிலும் வீடுகளிலும் நீங்களே அறிவீர்கள்.

இந்த இரண்டு மரபுகளும் ஒரே வீட்டுக்குள் வந்த நாள் 1947 செப்டம்பர் 27. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, கேக்கோடு பண்டிகை கொண்டாடிய ஆங்கிலிக்கன் மரபும், மதுரை அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகளை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையும், மெத்தடிஸ்டு மரபும் ஒரே மேசையில் அமர்ந்தன. ஒருவருடைய வழக்கத்தை மற்றவர் குற்றவாளியாக்காமல் ஒன்றாக வாழ்வது எப்படி என்பதை அன்றுமுதல் கற்றுவருகிறோம். கற்றுத் தேறிவிட்டோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் தவறு

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு மலைச் சபையில் நடந்ததை இங்கே அறிக்கையிடுகிறேன். கீதபவனி முடிந்து குளிரில் வந்த அனைவருக்கும் ஆயர் இல்லத்தில் தேநீரும் கேக்கும் கொடுத்தோம். செப்டம்பர் முதல் ரம்மில் ஊறிய பழங்களால் செய்த கேக் அது. அதை எல்லாரும் புகழ்ந்தார்கள், நானும் பெருமைப்பட்டேன். மலைக் காய்கறிகளை வத்தலக்குண்டுக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநரான சகோதரர் ஒருவர், ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தித் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு எடுத்துச் செல்கிறார் என்று எண்ணினேன். அவருடைய மனைவி தலைகுனிந்து நின்றதைக் கண்டும் காரணத்தை அறியவில்லை.

லெந்து காலத்தில் அவர் என்னிடம் வந்து பேசினார். "ஐயா, குடியை விட்டு அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த வாசனை வந்ததும் கை நடுங்கிவிட்டது. வழியில் பள்ளத்தில் எறிந்துவிட்டேன். அன்று ராத்திரி முழுவதும் தூக்கமில்லை. கோயில் வாசலில் இது இருக்காது என்று நம்பித்தான் ஐயா வந்தேன்" என்றார். அவர் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. அதனால்தான் அந்தச் சொற்கள் என்னை அதிகமாய்க் குத்தின. அவர் விழவில்லை, அது என்னால் அல்ல, தேவனுடைய கிருபையால். இறையியல் கல்லூரியில் ரோமர் 14-ஆம் அதிகாரத்துக்கு நான் விளக்கம் எழுதித் தேறியவன். அந்த அதிகாரம் என் வீட்டு மேசையில் தட்டோடு இருந்தபோது அதை வாசிக்கத் தவறிவிட்டேன்.

மறு ஆண்டு, சபையின் பொதுக் கேக்கில் மது வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டபோது, ஒரு மூதாட்டி மனம் வருந்தினார். துரைமார் வீட்டில் சமையற்காரராயிருந்த அவருடைய பாட்டனாரிடமிருந்து வந்த செய்முறை அது. "எங்கள் தாத்தா பாவம் செய்தாரா ஐயா?" என்று கேட்டார். "இல்லை அம்மா, அவர் சுமந்து வந்ததை இன்னும் ஒருவருக்குக் கூடுதலாகப் பங்கிடப் பார்க்கிறோம்" என்றேன். இரண்டு வாரம் பேசாதிருந்தவர், மூன்றாம் வாரம் ஒரு சிறு கேக்கோடு வந்தார். "ருசி புட்டியில் இல்லை ஐயா, கருக்கின சர்க்கரையில் இருக்கிறது" என்றார்.

மூதாட்டியின் செய்முறை

அவர் சொன்னபடி, விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். நறுக்கிய உலர்பழங்கள் அரை கிலோவை, கால் லிட்டர் திராட்சைச் சாற்றில் பத்து நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, ஆறியபின் ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் மூடிவையுங்கள். சாற்றில் போட்ட பழத்தை மதுவில் போட்டதுபோல வாரக்கணக்கில் வெளியே வைத்தால் அது தானே புளித்துவிடும், கவனம். பன்னீர் திராட்சை இதற்கு மிகப் பொருத்தம். நம் மலையின் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் இந்தத் திராட்சையை 1832-ல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது.

100 கிராம் சர்க்கரையைக் கருஞ்சிவப்பாகும்வரை உருக்கி, அரைத் தம்ளர் வெந்நீரை விலகி நின்று ஊற்றிப் பாகாக்குங்கள். 200 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் சர்க்கரையையும் குழைத்து, நான்கு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 250 கிராம் மைதா, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்குப் பொடி, ஆறிய பாகு, பழங்கள் ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். சமவெளியில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் வேண்டும். மலையில் முக்கால் போதும். இங்கே காற்றழுத்தம் குறைவாதலால் கேக் வேகமாக எழும்பிப் பின் நடுவில் அமுங்கிவிடும். தண்ணீரும் இங்கே ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்து ஈரம் விரைவில் வற்றுவதால், இரண்டு கரண்டி சாறு கூடுதலாக ஊற்றுங்கள். 160 பாகைச் சூட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குமேல், குச்சி ஒட்டாமல் வரும்வரை வேகட்டும். மதுக் கேக்கைப்போல் மாதக்கணக்கில் இது தாங்காது. ஆகவே வைத்திருக்காமல் பகிர்ந்துவிடுங்கள்.

முடிவாக

கானாவூர்க் கலியாணத்தில் திராட்சரசம் குறைவுபட்டபோது நம் ஆண்டவர் அவ்வீட்டாரை வெட்கப்பட விடவில்லை. பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகச் சிறிது திராட்சரசத்தை அனுமதித்தார். மறுபக்கம், எண்ணாகமம் 6-ல் நசரேயன் உலர்ந்த திராட்சையையும் தொடக்கூடாது. வேதம் எல்லாருக்கும் ஒரே அளவுகோலை வைக்கவில்லை. ஆனால் ரோமர் 14 ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது: நான் உண்பதும் குடிப்பதும் என் சகோதரனுக்கு இடறலாகுமானால், என் உரிமையை விட்டுக்கொடுப்பதே அன்பு.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. உங்கள் வீட்டு ஜாடியைச் சோதிக்க நான் வரமாட்டேன். உங்கள் பாட்டியின் நினைவைக் குற்றப்படுத்தவும் மாட்டேன். ஆனால் சபையின் மேசைக்கும் அண்டை வீட்டாருக்கும் வரும் கேக்கில் மது வேண்டாம் என்று தாழ்மையோடு கேட்கிறேன். மது சேர்த்த கேக்கை யாருக்காவது கொடுத்தால் அதை முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். தாவீது பங்கிட்ட அடையைப்போல, ஒருவரும் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு போக வேண்டியிராத கேக்காக இந்த ஆண்டு நம் கேக் இருக்கட்டும்.

ஜெபிப்போம்: அன்புள்ள பிதாவே, எங்கள் மேசையில் அமர்கிறவர்களின் மறைவான போராட்டங்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். எங்கள் மகிழ்ச்சி ஒருவருக்கும் இடறலாகாதபடி காத்தருளும். எங்களுக்காகப் பிறந்த இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் தங்குவதாக.